மணியடிப்பார் இல்லாத வேளை

கல்லூரியில் யாம் பயின்ற நாளில் எமது காலத்தை ஆண்டது மணியோசையே. கணிதம் கசப்பினும், இலக்கணம் இடர்ப்படுத்தினும், மணி அடித்ததும் பாடம் தொடங்கியே ஆகவேண்டும். "இன்று மனம் இசையவில்லை" என்பார்க்கு அங்கு இடமில்லை. கல்லூரியை விட்டு நீங்கியபின் எமக்கு மணியடிப்பார் எவருமிலர். அன்று தொட்டே 'நாளை' என்னும் நோய் எம்மைப் பற்றிக்கொண்டது.

எமக்குக் கணிதம் போதித்த ஆசிரியப் பெருந்தகை ஒருவர்க்கு நன்றி மடல் ஒன்று வரையப் பல்லாண்டு எண்ணியிருந்தோம். ஓய்வு கிட்டட்டும், தக்க சொற்கள் வாய்க்கட்டும் என ஒத்திவைத்தோம். ஒருநாட் காலை பத்திரிகையில் அவரது மரண அறிவித்தலைக் கண்டோம். ஒரு பக்க மடலுக்கு அரைமணி நேரமும் வேண்டியதில்லை. அன்பின்மையால் அன்று, தொடங்காமையாலேயே அஃது எழுதப்படாமற் போயிற்று.

திருவள்ளுவர் 'மடியின்மை' அதிகாரத்திற் கேடு தரும் நான்கினை எண்ணுமிடத்து, காலம் நீட்டித்தலை முதலிலும், மறதி, சோம்பல், துயில் என்பவற்றை அதன் பின்னும் வைத்தார். நீட்டித்தல் வேறு, சோம்பல் வேறு என்பது இதனாற் புலனாகும். சோம்பன் ஒன்றும் செய்யான். நீட்டிப்பவனோ செய்யவேண்டிய ஒன்றைத் தவிர ஏனைய யாவும் செய்வான். பரீட்சைக்கு முதல்நாள் மேசையைத் துடைத்து, பென்சில் சீவி, புத்தகம் அடுக்கும் மாணவனை நாம் அறிவோம். அவனைத் தடுப்பது பணியின் பருமை கண்டு எழும் மலைப்பே.

இம்மலைப்பை வெல்ல வழி கண்டவர் பிரான்செஸ்கோ சிரில்லோ என்னும் இத்தாலியர். 1980களின் பிற்பகுதியில் மாணவராயிருந்த அவர், படிப்பில் மனம் ஒன்றாது வருந்தி, பத்து நிமிடமேனும் மெய்யாகப் படிக்க இயலுமா எனத் தம்மோடு தாமே பந்தயம் கட்டினார். தக்காளி வடிவான சமையலறை மணிக்கருவி ஒன்றே அவருக்கு நடுவராயிற்று. அதனாலேயே இம்முறை இத்தாலியர் தக்காளியை அழைக்கும் 'பொமொடோரோ' என்னும் பெயர் பெற்றது.

முறை எளிது. ஒரு பணியைத் தேர்ந்து 25 நிமிடம் அதனையே செய்க. இடையே வேறு நினைவு எழின் தாளிற் குறித்துவிட்டுத் தொடர்க. மணி ஒலித்ததும் 5 நிமிடம் இளைப்பாறுக. இவ்வாறு நான்கு முறை முடிந்தபின் சற்று நீண்ட ஓய்வு கொள்க. நூல் முழுவதையும் கற்கவேண்டுமென்றால் அஞ்சும் மனம், 25 நிமிடம் என்றால் இணங்கிவிடும்.

"அறிவு உலைச்சோறோ, மணி பார்த்து இறக்குதற்கு?" என வினவுவாரும் உளர். வினா நன்றே. கடினமான கணக்கில் ஆழ்ந்தவனை மணியோசை கலைத்தல் தீது. அவன் தன் வேளையை 40 நிமிடமாக நீட்டிக்கொள்க; எமது நாளிற் பள்ளிப் பாடவேளையும் அவ்வளவினதாயிருந்ததன்றோ? மணி நமக்கு வேண்டப்படுவது முடித்தற்கன்று, தொடங்குதற்கே.

மாணவ மணிகளே, கைத்தொலைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, ஒரு மணிக்கூட்டை எதிரே வைத்து இன்றே தொடங்குங்கள். பழைய மாணவ நண்பர்களே, உங்கள் ஆசிரியருள் எவரேனும் இன்னும் நம்மிடையே உளராயின், இம்மலரை மூடியதும் 25 நிமிடம் ஒதுக்கி ஒரு மடல் வரையுங்கள். எமக்கு வாய்க்காதது உங்களுக்கேனும் வாய்ப்பதாக.