அடுப்படிக் கதை என்றோர் ஏளனம்

கண்டியில் நடந்த ஒரு நூல் வெளியீடு. நமது சகோதரி ஒருவரின் சிறுகதைத் தொகுதி. பேச வந்த எழுத்தாளர், "எத்தனை காலத்துக்குத்தான் இந்த அடுப்படிக் கதை? வெளியே வாருங்கள்" என்றார். சபை சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். வீடு திரும்பும்போதுதான் உறைத்தது: அடுப்படியை விட்டால் நமது வரலாற்றை எங்கே போய்த் தேடுவது?

பூர்வீகம் பேசும்போதெல்லாம் நாம் தந்தைவழியையே பேசுகிறோம். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் நம்மை இனத்தால் தமிழர் என்றார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்து அறபு வம்சாவளியை வலியுறுத்தினார். நூறாண்டு கடந்தும் நமது மேடைகள் அந்தக் கப்பலை விட்டு இறங்கவில்லை. கப்பலில் வந்தவர் இங்கே யார் கையால் சோறு தின்றார் என்று கேட்பார் இல்லை.

பெருநாள் காலை வட்டிலப்பத்தைப் பாருங்கள். மலாய் மக்கள் வழியாக வந்தது என்பர். முட்டையும் தேங்காய்ப்பாலும் ஏலமும் இருந்தென்ன, கித்துல் கருப்பட்டி இல்லாவிட்டால் அது வட்டிலப்பமா? அந்தக் கித்துலைச் சீவிப் பாணி காய்ச்சுபவர் நமது மலையோரத்துச் சிங்களக் கிராமத்தவர். புரியாணியும் பலூடாவும் பாரசீகப் பெயரோடு வந்தவை. ஸஹன் அறபுச் சொல். நோன்புக் கஞ்சிக்குப் போடும் ரம்பையோ கொல்லையில் பறித்தது. எங்கிருந்து வந்ததையும் இந்த மண்ணின் பொருள் சேர்த்து நமதாக்கியவர்கள் நம் உம்மாமார்.

2013இல் ஹலால் சான்றிதழுக்கு எதிராகக் கூச்சல் எழுந்தது. 2018 மார்ச்சில் திகனையிலும் சுற்றுப்புறங்களிலும் நமது வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. வந்தேறிகள் என்ற ஏச்சும் கூடவே வந்தது. நாம் பழைய ஆவணங்களைத் தேடி ஓடினோம். ஆவணம் வேண்டியதுதான். ஆனால், இந்த மண்ணோடு நமக்குள்ள உறவை நமது சட்டியைத் திறந்து காட்டும் கதைகள் எத்தனை எழுதினோம்? எழுதிய ஒரு சகோதரியையும் ஏளனம் செய்தோம்.

அடுப்படியைப் போற்றுவது பெண்ணை அங்கேயே பூட்டி வைப்பதாகாதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவள் அங்கேயே கிடக்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை. அங்கே அவள் சேர்த்த அறிவை அறிவென்று ஒப்புக்கொள்ளுங்கள் என்கிறேன். அதைக் கற்கவும் எழுதவும் ஆண்பிள்ளைகளுக்கும் கடமை உண்டு.

அந்தக் கடமையில் நானே தவறியவன். வட்டிலப்பத்துக்குக் கருப்பட்டி எவ்வளவு என்று உம்மாவிடம் கேட்டால், "கைக்குத் தெரியும் மகன்" என்பா. பார்த்து எழுதி வைக்க எனக்கு நேரம் இருக்கவில்லை. இலக்கியக் கூட்டங்களுக்கு இருந்தது. உம்மா மௌத்தாகிவிட்டா. எங்கள் வீட்டில் இப்போது வட்டிலப்பம் கடையிலிருந்து வருகிறது.

உம்மா உயிரோடிருக்கும் எழுத்தாளர்களே, அடுத்த கூட்டத்துக்குப் புறப்படுமுன் கொப்பியோடு ஒருதரம் குசினிக்குப் போய் வாருங்கள்.