ஒன்பது நிமிட நிர்வாகியும் துணைவேந்தர் நாற்காலியும்

தொழில் துறையிலோ அரசு நிர்வாகத்திலோ பொதுத்துறை நிறுவனத்திலோ பத்தாண்டு உயர்பதவி வகித்தவர் துணைவேந்தர் ஆகலாம் என்கிறது, 2025 ஜனவரி 6-இல் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட வரைவு. மூன்றே நாளில் தமிழகச் சட்டப்பேரவை அதை எதிர்த்துத் தீர்மானம் போட்டுவிட்டது. துணைவேந்தர் தேடுதல் குழுவை அமைப்பது ஆளுநரா, அரசா என்ற சண்டை ஒருபுறம் நடக்கட்டும். நிர்வாகி என்பவர் அன்றாடம் என்னதான் செய்கிறார், அதில் எதைச் செய்யத் துணைவேந்தருக்கு இடம் இருக்கிறது என்று இந்தச் சத்தத்தில் யாருமே கேட்கவில்லை.

கனடாவின் நிர்வாகவியல் அறிஞர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க், ஐந்து தலைமை நிர்வாகிகளை ஆளுக்கொரு வாரம் கூடவே இருந்து கவனித்து 1973-இல் நூலாக எழுதினார். அவர்கள் பார்த்த காரியங்களில் பாதி ஒன்பது நிமிடத்துக்குள் முடிந்தன. ஒரு மணி நேரத்தைத் தாண்டியவை பத்தில் ஒன்றுதான். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு திட்டம் தீட்டுபவரே நிர்வாகி என்ற பாடப்புத்தகச் சித்திரம் அத்தோடு கிழிந்தது. திருப்பூரில் நெருப்பெரிச்சல் பக்கத்துப் பனியன் கம்பெனி மேனேஜருக்கு இதில் வியப்பே இருக்காது. சாயப்பட்டறையிலிருந்து வந்த துணியில் ஷேடு ஒத்துவரவில்லை, ஓவர்லாக்கில் நாலு பேர் லீவு, பையரின் ஆள் செக்கிங்குக்கு வந்து நிற்கிறார். ஒன்பது நிமிடத்தில் மூன்று முடிவு! காண்ட்ராக்டரை மாற்றலாம், பீஸ் ரேட்டைக் கூட்டி ராத்திரியும் ஓட்டலாம், ஷிப்மென்ட் தவறும் என்றால் கைக்காசு போனாலும் விமானத்தில் ஏற்றிவிடலாம். அதிகம் போனால் முதலாளிக்கு ஒரு போன். மின்ட்ஸ்பெர்க் பிரித்துக் காட்டிய பத்துப் பங்குகளில் ஆள் எடுப்பது, பணம் ஒதுக்குவது, பேரம் பேசுவது, திடீர்ச் சிக்கலைத் தீர்ப்பது ஆகியவைதான் உயிர்நாடி.

இந்தப் பங்குகளோடு எந்தத் துணைவேந்தர் இருக்கிறார்? பணியிடம் நிரப்ப அரசு அனுமதி, பணத்துக்கு நிதித் துறையின் கையெழுத்து, பாடத்திட்டத்துக்கு மானியக் குழுவின் விதி. 2024 பிப்ரவரியில் 424 கோடி ரூபாய் வரிப் பாக்கிக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித் துறை முடக்கியபோது, ஒதுக்குவதற்கு என்ன மிச்சம் இருந்தது? அப்போது அங்கே துணைவேந்தரே இல்லை. 2023 ஆகஸ்டிலிருந்தே நாற்காலி காலியாக இருந்தது. திருப்பூர்க் கல்லூரிகளுக்குப் பட்டம் தரும் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் 2022 அக்டோபரிலிருந்து இரண்டு ஆண்டுக்கு மேல் பொறுப்புக் குழுவின் ஆட்சி நடந்தது. இரண்டு ஆண்டு மேனேஜர் இல்லாத கம்பெனிக்கு எந்த பையராவது ஆர்டர் கொடுப்பாரா? மேடையில் மாலை வாங்குவது, பட்டமளிப்பு விழாவில் அங்கி அணிந்து நிற்பது என்ற அடையாளப் பங்கு ஒன்றைத்தான் துணைவேந்தரிடம் விட்டுவைத்திருக்கிறார்கள். அதற்கு எதற்குத் தொழில் துறை அனுபவம்?

பேராசிரியரைத் தவிர வேறு யாரும் வரக்கூடாது என்போரின் வாதமும் நிற்காது. கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலுவும், யுனெஸ்கோவிலிருந்து திரும்பிய மால்கம் ஆதிசேஷையாவும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர்களாக இருந்தவர்கள்தாம். பேராசிரியர்கள் கெடுத்ததால்தான் வெளியாளைத் தேடுகிறோம் என்போர், பணி நியமனத்துக்கு லஞ்சம் வாங்கிய புகாரில் பாரதியார் துணைவேந்தர் 2018 பிப்ரவரியில் கைதானதைக் காட்டுவார்கள். அது கண்காணிப்பின் ஓட்டை. கம்பெனி ஆள் வந்தால் அது தானாக அடைபடும் என்பவர்கள் கம்பெனிகளின் பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட்டை அறியாதவர்கள்.

வெளியாளை அனுமதிக்கும் வரைவுப் பிரிவை மானியக் குழு திரும்பப் பெறட்டும். அதற்குப் பதிலாக, அனுமதிக்கப்பட்ட பணியிடங்களைத் தாமே நிரப்பவும் ஒதுக்கிய தொகையைத் தாமே செலவிடவும் துணைவேந்தருக்கு அதிகாரம் தர மாநில அரசு தன் பல்கலைக்கழகச் சட்டங்களைத் திருத்தட்டும். அது நடந்தால் பேராசிரியரே போதும். நடக்காவிட்டால், திருப்பூரின் மிகத் திறமையான மேனேஜரை அழைத்து வந்து உட்கார வைத்தாலும் முதல் செமஸ்டர் முடியும் முன்பே அவர் ராஜினாமா எழுதிவிடுவார். எழுதாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இருந்தால், அவர் மேனேஜரே இல்லை.