ஏற்றினால் போதுமா?

"வெப்சைட் போட்டாச்சு தோழர், பழைய இதழெல்லாம் ஏத்தியாச்சு" என்கிறார்கள். மகிழ்ச்சி. ஏற்றிய கட்டுரையில் ஒரு வரியை எடுத்துக் கூகுளில் அடித்துப் பாருங்கள். பல சமயம் வராது. ஏன் வரலை?

நாம் ஏற்றியது எழுத்தை அல்ல, தாளின் படத்தை. ஸ்கேன் செய்த தாளைத் தேடுபொறி தானாகவே படிக்க முயல்வது உண்மைதான். மங்கிய அச்சில், தமிழில், அதை நம்பி உட்கார முடியாது. தட்டச்சு செய்தவர்களிலும் சிலர் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் போட்டிருக்கிறார்கள். திரையில் தெரிவது தமிழ். உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. 1991இலேயே தமிழ் யூனிகோடில் ஏறிவிட்டது. 2010இல் தமிழக அரசும் ஏற்றுக்கொண்டது. நாம் இன்னும் பழசைக் கட்டிக்கொண்டு அழுவது யாருக்காக?

இது வெறும் தொழில்நுட்பச் சங்கதி இல்லை. ஒரு மாணவி தன் ஊர்ப் பெயரைத் தேடுகிறாள். செய்தித்தாள் போட்ட நாலு வரி வருகிறது. நேரில் போய்ச் சனங்களிடம் கேட்டு நாம் எழுதிய அறிக்கை வருவதில்லை. அப்புறம் அந்த நாலு வரிதான் வரலாறு.

1998இல் லாரி பேஜும் செர்கே பிரினும் முன்வைத்த பேஜ்ரேங்க் முறையின் சாரம் இது: ஒரு பக்கத்துக்கு எத்தனை பக்கங்கள் இணைப்பு தருகின்றன, தருகிற பக்கத்தின் மதிப்பு என்ன? பெரிய இடத்துச் சிபாரிசுக்குக் கனம் அதிகம். ஊரில் பார்க்காததா! இன்று வேறு அளவுகோல்கள் பல சேர்ந்துவிட்டாலும் இணைப்புக்கு மதிப்புப் போகவில்லை.

அதற்காகக் காசு கொடுத்து இணைப்பு வாங்காதீர்கள். ஜேசி பென்னி என்ற அமெரிக்கப் பெருங்கடைக்காகச் சம்பந்தமில்லாத தளங்களிலெல்லாம் இணைப்புகள் வைக்கப்பட்டிருந்ததை 2011இல் நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்தியது. கூகுள் அந்தக் கடையைப் பின்னுக்குத் தள்ளியது. பெருங்கடைக்கு எழுந்துவர ஆளும் பணமும் உண்டு. நமக்கு?

நம்மால் ஆகிற வேலைகள் இருக்கின்றன. ஒவ்வொரு கட்டுரைக்கும் தனிப் பக்கம் வேண்டும். தலைப்பில் ஊர், ஆண்டு, சம்பவம் இருக்கட்டும்; 'இதழ் 7' என்று போட்டால் யார் தேடுவார்? படத்துக்குக் கீழே விளக்கம் எழுதுங்கள். நம்ம பிள்ளைகள் செல்போனில்தான் படிக்கிறார்கள். பக்கம் கனமில்லாமல் சட்டென்று திறக்க வேண்டும். தளத்தை மாற்றி அமைத்தால் பழைய முகவரி புதியதற்குக் கொண்டுபோய் விடட்டும். தோழமை இதழ்கள் ஒன்றுக்கொன்று இணைப்புக் கொடுக்கட்டும்.

பத்துப் பேர் ஆளுக்கு ஒரு கட்டுரை அடித்தால் ஒரு இதழ் முடிந்துவிடும். வருகிற ஞாயிற்றுக்கிழமையே உட்காருவோம்.