என் பேரைப் போடுவீங்களா?

சென்ற மாதம் புதுச்சேரியின் கரையாம்புத்தூரிலிருந்து எங்கள் இதழுக்கு ஒரு சிறுகதை வந்தது. வாசகி ஒருவர் கைபேசியிலேயே தட்டச்சு செய்து, இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். கரும்பு வெட்டி முடிந்த கழனியில் சோகை கொளுத்தும் ஒரு நாள்தான் கதை. பத்தி பிரிக்கவில்லை. ‘ழ’வும் ‘ள’வும் ஓரிரு இடங்களில் இடம் மாறிக் கிடந்தன. ஆனால் தீ அணைந்த பிறகு அந்தச் சாம்பலில் வெறுங்காலோடு நிற்கும் கிழவியை எங்களால் மறக்க முடியவில்லை. மறுநாள் காலையிலேயே கதையைத் தேர்வு செய்துவிட்டோம்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு என்றால், தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதி, தபால்தலை ஒட்டிய சுயவிலாச உறையை உள்ளே வைத்து அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் தபால்காரரை எதிர்பார்த்திருப்பார்.

புதுச்சேரி மண்ணுக்கு இந்தக் காத்திருப்பின் வலி நன்றாகத் தெரியும். 1908-இல் சென்னையிலிருந்து இங்கே வந்த பாரதி ‘இந்தியா’ இதழை இங்கிருந்தே நடத்தினார். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியின் எல்லைக்கு அந்தப் பக்கம் இதழ் நுழையவே கூடாது என்று ஆங்கிலேய அரசு தடுத்தது. படிக்க ஆளிருந்தும் கொண்டுசேர்க்க வழியில்லாமல் 1910-இல் இதழ் நின்றுபோனது. பின்னர் 1920-இல், தன் எழுத்தையெல்லாம் 40 நூல்களாக அச்சிட நண்பர்களிடம் கடன் கேட்டு எழுதினார். அது கைகூடவில்லை. அடுத்த ஆண்டு அவரே இல்லை.

இன்று எல்லையும் தடையில்லை, அச்சுக்கூலியும் தடையில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இணையம் வழியே உலகெங்கும் இலவசமாகக் கொண்டுசேர்த்தது. ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை ‘வெண்முரசு’ நாவல் வரிசையை நாள்தோறும் இணையத்தில் எழுதி, 26 நாவல்களாக முடித்தார். எந்த அச்சு இதழும் அத்தனை பக்கம் ஒதுக்கியிருக்காது, நாங்களும்தான். 2016 டிசம்பரில் கிண்டில் மின்னூல் தளத்தில் தமிழ் வந்தது. ஆயிரம் பிரதி அடித்துவிட்டு நூலக ஆணைக்காகக் காத்திருந்த பதிப்பாளர்கள், இப்போது ஐம்பது நூறு என்று தேவைக்கேற்ப அச்சிடுகிறார்கள். இத்தனையும் நல்ல மாற்றங்கள்தாம். மனதார வரவேற்கிறோம்.

ஆனால் எழுதியவர் கைக்கு என்ன வந்தது? கதை தேர்வான செய்தியைச் சொல்ல அந்த வாசகியை அழைத்தோம். சன்மானம் எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. “என் பேரைப் போடுவீங்களா சார்?” என்றார். முன்பொரு முறை முகநூலில் அவர் எழுதிய கதை, ‘படித்ததில் பிடித்தது’ என்ற தலைப்போடு அவருடைய சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கே திரும்பி வந்ததாம். அதில் அவர் பெயர் இல்லை. “நல்லா இருக்கு, யார் எழுதினதோ” என்று அவருடைய நாத்தனாரே பாராட்டியிருக்கிறார்.

கேட்டபோது மனம் கனத்தது. பறிபோவது பெயர் மட்டுமல்ல. விலைக்கு விற்கும் புத்தகத்தைப் பிடிஎஃப் ஆக்கிக் குழுக்களில் பகிர்பவர்கள், தமிழ்த் தொண்டு செய்வதாகவே நம்புகிறார்கள். ஒரு நாவலுக்கு மூன்று வருடம் உழைத்தவரின் ராயல்டிதான் அங்கே பறிபோகிறது. இன்னொரு பக்கம், பணம் கட்டினால் புத்தகம் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள் சில பதிப்பாளர்கள். பிழை திருத்த ஆளில்லை, விற்பனைக் கணக்கும் வருவதில்லை. கடைசியில் நகையை அடகு வைத்து அச்சிட்ட பிரதிகள் கட்டிலுக்கடியில் தங்கிவிடுகின்றன. எழுதியவர் காசு கொடுக்க வேண்டும், படிப்பவருக்கு இலவசம் என்ற இந்த வழக்கம் நிலைத்தால், வசதியுள்ளவர்கள் மட்டுமே எழுதுவார்கள். கழனியிலிருந்து கதை வராது.

எங்கள் பங்குக்கு ஒரு குறையைச் சரிசெய்கிறோம். எங்கள் இணையதளத்தில் மட்டும் வெளியாகும் படைப்புகளுக்கு இதுவரை சன்மானம் தரவில்லை. அது தவறு. இந்த வாரம் முதல் அச்சுக்கும் இணையத்துக்கும் ஒரே தொகை. வெளியான 15 நாளுக்குள் எழுதியவரின் வங்கிக் கணக்கில் சேரும்.

கரையாம்புத்தூர்க் கதை 38-ஆம் பக்கத்தில் இருக்கிறது. எழுதியவர் பெயரோடு.