ரிச்மண்டுக்கு வடக்கே மட்டும் பார்க்கும் கோபம்

2023 ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலக் கிராமப்புறத்திலிருந்து ஒரு கன்ட்ரி பாடல் கிளம்பியது. செந்தாடி இளைஞர் ஒருவர் மரங்களுக்கிடையே கிதாருடன் நின்று பாடிய காணொளி அது. 'ரிச்மண்டுக்கு வடக்கேயுள்ள பணக்காரர்கள்' என்பது தலைப்பின் பொருள். பாடியவர் ஆலிவர் ஆண்டனி. இரண்டே வாரங்களில் அது பில்போர்டு 'ஹாட் 100' பட்டியலில் நேராக முதலிடத்தில் நுழைந்தது. அதற்குமுன் எந்தப் பில்போர்டு பட்டியலிலும் இடம்பெறாத ஒருவருக்கு இது கிட்டியது அதுவே முதல் முறை.

வலதுசாரிகள் துள்ளிக் குதித்தனர். ஆகஸ்ட் 23 அன்று மில்வாக்கி நகரில் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் விவாதம் இந்தப் பாட்டை முன்வைத்த கேள்வியுடனேயே தொடங்கியது. இரண்டு நாள் கழித்துப் பாடகரே ஒரு காணொளியில், அந்த மேடையில் நின்றவர்களைப் பற்றித்தான் இப்பாட்டை எழுதினேன் என்று சொல்லிவிட்டார்! அரசியல் தரகர்களுக்கு அவர் கொடுத்த அடி பாராட்டுக்குரியது. ஆனால் பாட்டை அவர்கள் ஏன் இவ்வளவு எளிதாகத் தமதாக்கிக்கொள்ள முடிந்தது என்ற கேள்வி அத்துடன் தீர்ந்துவிடவில்லை.

அந்தக் கோபம் பொய்யல்ல. அவரே கூறியபடி, 17 வயதில் பள்ளிப் படிப்பை விட்டவர்; வட கரோலினாவின் மெக்டவல் மாவட்டக் காகித ஆலையில் வாரம் 6 நாள், இரவு ஷிப்டில், மணிக்கு 14.50 டாலர் கூலிக்கு உழைத்தவர். 2013இல் அங்கே கீழே விழுந்து மண்டையோடு உடைந்தது. உழைப்பைக் கொடுத்து அற்பக் கூலி பெறும் வேதனையைத்தான் பாட்டு தொடக்கத்தில் பேசுகிறது. இதைக் கேட்டு முகம் சுளித்த நகரத்துத் தாராளவாதிகள் எந்த ஆலை வாசலையும் மிதித்தவர்களாகத் தெரியவில்லை.

ஆயினும் பாட்டில் ஆலை முதலாளி எங்கே? அவர் இல்லவே இல்லை. ரிச்மண்டுக்கு வடக்கே இருப்பது தலைநகர் வாஷிங்டன். அங்குள்ள அரசியல்வாதிகளையும் வரியையும் சாடும் பாட்டு, கூலியைத் தீர்மானிக்கும் ஆலையை விட்டுவிடுகிறது. பிறகு சடாரெனக் கீழ்நோக்கித் திரும்பி, அரசின் உணவு உதவியில் இனிப்பு வாங்கித் தின்னும் பருமனான ஏழைகளை ஏளனம் செய்கிறது. முதுகெலும்பு வளைந்தவன் அடுத்த வீட்டுக்காரனின் தட்டை எட்டிப் பார்க்கிறான். முதலாளிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அந்தப் பாட்டுக்கு இரண்டு மாதம் முன்புதான், 2023 ஜூனில், கடன் உச்சவரம்புப் பேரத்தின் விலையாக, உணவு உதவிக்கான வேலை நிபந்தனை 54 வயது வரை நீட்டிக்கப்பட்டது. அதைக் கோரியவர்கள் குடியரசுக் கட்சியினர், கையெழுத்திட்டவர் பைடன். அந்த உதவியை வாங்குவோரில் பலர் சோம்பேறிகளும் அல்லர். இதை ஆராய்ந்த அரசுத் தணிக்கை அமைப்பின் 2020 அறிக்கையில், உணவு உதவி பெறும் தொழிலாளர்களை அதிகம் வைத்திருக்கும் நிறுவனங்களின் வரிசையில் வால்மார்ட்டும் மெக்டொனால்ட்ஸும் இருந்தன. கூலியில் முதலாளி விழுங்குவதை அரசு நிரப்புகிறது. பழி மட்டும் பசித்தவன் தலையில். மக்களுக்கான உதவிகளை 'ரேவடி' என்று இகழும் இங்குள்ள ஆட்சியாளர்களின் பேச்சும் இதே ராகம்தான்.

அந்த மலைப்புற இசைக்கு எப்போதும் கண் குருடாக இருந்ததில்லை. அதே வட கரோலினாவில், 1929 ஏப்ரலில், காஸ்டோனியா நகரின் லோரே பஞ்சாலையில் வேலைநிறுத்தம் வெடித்தது. தலைமை தாங்கியது கம்யூனிஸ்டுகள் வழிநடத்திய தேசிய ஜவுளித் தொழிலாளர் சங்கம். எல்லா மே விக்கின்ஸ் அருகிலிருந்த பெஸ்ஸமர் நகர ஆலையில் நூல் நூற்றவர். ஒன்பது குழந்தைகளில் நால்வரைப் பறிகொடுத்தவர். பழைய நாட்டுப்புற மெட்டுகளில் சங்கப் பாட்டு கட்டிக் கூட்டங்களில் பாடினார். அவர் பாட்டில் முதலாளி இருந்தார், சங்கமும் இருந்தது. கறுப்பினத் தொழிலாளர் குடியிருப்பில் வாழ்ந்த அவர், அவர்களையும் சங்கத்தில் சேர்க்க வேண்டும் என்று நின்றார். செப்டம்பர் 14 அன்று சங்கக் கூட்டத்துக்கு லாரியில் சென்றவரை ஆயுதமேந்திய கும்பல் வழிமறித்துச் சுட்டுக் கொன்றது. அப்போது அவருக்கு 29 வயதுகூட நிறையவில்லை. குற்றம் சாட்டப்பட்ட ஆலை ஆட்கள் அனைவரும் விடுதலையாயினர்.

துப்பாக்கி தொடங்கியதைச் சட்டம் தொடர்ந்தது. 1947இல் டாஃப்ட்–ஹார்ட்லி சட்டம் வந்த அதே ஆண்டில் வர்ஜீனியாவும் வட கரோலினாவும் 'வேலை செய்யும் உரிமை' என்ற பசப்பல் பெயரில் தொழிற்சங்கங்களின் காலை ஒடிக்கும் சட்டங்களை இயற்றின. இன்று வட கரோலினாத் தொழிலாளர்களில் நூற்றுக்கு மூவர்கூடச் சங்கத்தில் இல்லை. மண்டையோடு உடைந்த இளைஞருக்குச் சங்கம் ஒரு சொல்லாகக்கூட எட்டாமல் போனது தற்செயலல்ல. ஆண்டனியின் பாட்டு வெளியான அதே மாதத்தில் பிரிட்டிஷ் பாடகர் பில்லி பிராக் பதில் பாட்டொன்றை வெளியிட்டார். சங்கத்தில் சேரச் சொல்கிறது அது. அதற்கு முதலிடம் கிடைக்கவில்லை. வாஷிங்டன் மேடைகளில் அதை வைத்துக் கேள்வி கேட்டவரும் இல்லை.