கர்மா மதிப்பெண்ணும் பாதி மழித்த முகமும்

நாயகன் முழுக்க நல்லவனாகவும் இருக்கக் கூடாது, முழுக்கக் கெட்டவனாகவும் இருக்கக் கூடாது. வாசிப்பவரே அடுத்த அடியைத் தேர்ந்தெடுக்கும் கதைகளை எழுதத் தொடங்கும் எவருக்கும் கிடைக்கும் முதல் யோசனை இது. அதற்குத் தரப்படும் கருவி மதிப்பெண். உதவினால் கூடும், திருடினால் குறையும். 1997இல் வந்த ஃபால்அவுட் கணினி விளையாட்டில் அந்த மதிப்பெண்ணுக்குப் பெயரே 'கர்மா'. அமெரிக்கர்களுக்கு அது கவர்ச்சியான ஒரு கீழைநாட்டுச் சொல். நமக்கு? முற்பிறவிக் கணக்கைக் காட்டி மனிதர்களை மலம் அள்ள வைத்த சொல்.

அந்தக் கணக்கு வேண்டாம். தூத்துக்குடிக்குப் போவோம்.

1908 பிப்ரவரி 27. ஹார்வி நிறுவனத்தின் கோரல் மில்லில் வேலைநிறுத்தம் தொடங்குகிறது. 1906இல் பிறந்த சுதேசிக் கப்பல் கம்பெனியால் ஊர் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கடற்கரைக் கூட்டங்களில் பேசுகிறார்கள். வெள்ளையர் பக்கம் நின்றவர்களுக்கு முடி திருத்துபவர்களும் சலவைத் தொழிலாளர்களும் வேலை செய்ய மறுக்கிறார்கள். ஒரு வழக்கறிஞருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தவர், அவர் எதிரணி என்று தெரிந்ததும் பாதி முகத்தோடு விட்டுவிட்டு எழுந்து போனதாகப் பதிவு இருக்கிறது. வ.உ.சி. பெயரைத் துறைமுகத்துக்கு வைத்தாயிற்று. எழுந்து போனவரின் பெயரை நாம் மேடையில் சொல்லிக் கேட்டதில்லை. என் கதைக்கு அவர்தான் நாயகர்.

முதல் தேர்வு எளிது. கத்தியை மடக்குவதா, சவரத்தை முடிப்பதா? வாசிப்பவர் மடக்கிவிட்டுக் கைதட்டுவார். அடுத்த காட்சி பதிவில் இல்லை, என் கற்பனை. அன்று மாலை வேலைநிறுத்தத்தில் நின்ற ஒரு தலித் தொழிலாளி முடிவெட்ட அவர் வீட்டுக்கு வருகிறார். அதே கத்தி. தொட்டால் மற்ற சாதி வாடிக்கை மொத்தமும் போகும் என்பது அன்றைய ஊர்ச் சட்டம். காலையில் துணிந்தவர் மாலையில் என்ன செய்வார்?

காலையில் அவர் எடுத்த ஆயுதத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. சவரத்தையும் சலவையையும் நிறுத்துவது, சாதிக் கட்டுப்பாட்டை மீறியவர்கள் மீது ஊர் எப்போதும் ஏவிய தண்டனை. அதை அவர் மேல்நோக்கித் திருப்பினார். கீழ்நோக்கிய முனை அப்படியே இருக்கிறது. அறச் சமநிலை என்று நான் சொல்வது இதைத்தான். ஒரு கை உப்பு, ஒரு கை சர்க்கரை என்று கலப்பதை அல்ல.

ஒடுக்கப்பட்டவரையே குற்றக் கூண்டில் ஏற்றுகிறாயா என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை இப்படித்தான் இயங்குகிறது: ஒவ்வொரு படியில் நிற்பவருக்கும் இழக்க ஏதோ ஒன்று கொடுக்கப்பட்டிருக்கிறது. மனம் திருந்தும் ஆதிக்கசாதி நாயகர்களைச் சினிமா போதுமான அளவு காட்டிவிட்டது. அவர்கள் திருந்தினால் பாராட்டு விழா. இவர் துணிந்தால் மறுநாள் அடுப்பு எரியாது. இந்த விலையைக் கதை மறைக்கக் கூடாது. 'தொழிலாளர் ஒற்றுமை' என்ற பொத்தான் இலவசமாகக் கிடைக்கவே கூடாது.

எனவே புள்ளிகளை எடுத்துவிடுங்கள். நடந்ததை ஊர் நினைவில் வைத்திருக்கட்டும். மார்ச் முதல் வாரம் கூலி உயர்வோடு வேலைநிறுத்தம் வெல்கிறது. 12ஆம் தேதி வ.உ.சி. கைதாகிறார். மறுநாள் திருநெல்வேலியில் துப்பாக்கிச் சூடு. அன்றும் இவர் கத்தியைத் தீட்டி வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். யார் வந்து உட்கார்கிறார்கள், யார் தெருவைக் கடந்து போகிறார்கள் என்பதை அந்த மாலைத் தேர்வு முடிவு செய்யட்டும்.