ஆறாம் லெவலிலும் நான் ரேஞ்சர்தான்

கல்கிசையில் ஒரு நண்பியின் வீட்டு மேல்மாடியில ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் விளையாடுறம். நாலு பேர், ஒரு டி.எம்., எல்லாருக்கும் பொதுவா ஒரு செட் டைஸ். போன கிழமை ஆறாம் லெவலுக்கு வந்தம். நான் ரேஞ்சர். "ஆறையும் ரேஞ்சரிலயே எடுக்கப்போறன்" எண்டு சொன்னதும் மேசையில ஒரே சிரிப்பு. "விசரா உனக்கு? ஒரு லெவல் ரோக் எடு" எண்டு சொல்லிச்சினம். அவைக்கு அங்க வடிவாப் பதில் சொல்ல ஏலேல்ல. அதால இங்க எழுதுறன்.

ரேஞ்சர் எண்டா எங்கட அம்மாவுக்கு வனவளத் திணைக்கள உத்தியோகத்தர். விளையாட்டில அது வில்லும் கொஞ்ச மந்திரமும் தெரிஞ்ச, தடம் பார்த்துப் போற ஆள். 1975இல் ஒரு சஞ்சிகையில் ஜோ ஃபிஷர் எழுதின வகுப்பு. டோல்கினின் அரகோர்ன்தான் அதுக்கு மூலம்.

முதலில் அவையின்ட கணக்குச் சரி எண்டு ஒத்துக்கொள்ளோணும். 2014ஆம் ஆண்டு விதிகளின்படி ரேஞ்சருக்கு ஐஞ்சாம் லெவல் பெரிய லெவல்: ஒரு தரத்தில ரெண்டு அம்பு, இரண்டாம் நிலை மந்திரங்கள். ஆறில? இன்னொரு வகை எதிரி, இன்னொரு வகை நிலம். அவ்வளவுதான். அடியும் கூடாது, மந்திரம் போடுற தடவைகளும் கூடாது. அதே லெவலை ரோக்கில எடுத்தா ரெண்டு திறமையில் தேர்ச்சி இரட்டிப்பாகும், பதுங்கி அடிச்சா ஒரு ஆறு பக்க டைஸ் கூட உருட்டலாம். எட்டாம் லெவலில வரவேண்டிய புள்ளிக் கூட்டல் ஒன்பதுக்குத் தள்ளிப்போகும், அது ஒரு நட்டம். தாளில பார்த்தா ரோக்தான்.

ஆனா இந்தத் தாள்கள் எங்கயிருந்து வருது? வீடியோவில பில்ட் சொல்லுற ஆக்கள் எல்லாப் புத்தகமும் வச்சிருக்கினம். "க்ளூம் ஸ்டாக்கர் எடு" எண்டா அது 2017இல் வந்த ஸனத்தார் புத்தகத்தில இருக்கு. நான் அதின்ட விலையை ரூபாயில மாத்திப் பார்த்திட்டு அந்தப் பக்கத்தையே மூடினனான். எங்களிட்ட இருக்கிறது 2023 ஜனவரியில், உரிமச் சண்டைக்குப் பிறகு, விசார்ட்ஸ் கம்பெனி கிரியேட்டிவ் கொமன்ஸில் இலவசமா விட்ட அடிப்படை விதிகள் மட்டும். அதில ரேஞ்சருக்கு ஹன்டர் எண்ட ஒரு கிளைதான். எல்லாரும் எடுக்கச் சொல்லுற ஷார்ப்ஷூட்டர் அதில இல்லை. இருக்கிற ஒரே ஒரு ஃபீட் கிராப்ளர். வில்லு வச்சிருக்கிறவன் மல்லுக்கட்டிப் பிடிச்சு என்ன செய்யிறது?

இன்னொண்டு, அந்த பில்ட் எல்லாம் இருபதாம் லெவல் வரைக்கும் திட்டம் போட்டது. எங்களுக்கு இருபது எங்க வரப்போகுது? எங்கட கிளெரிக்குக்கு விசா வந்திட்டு. செப்டெம்பரில டொரொன்டோ. எண்ணிப் பார்த்தா ஆறு ஞாயிறுதான் மிச்சம். "ஒன்லைன்ல வாறன்" எண்டு சொல்லுறா. எங்களுக்குப் பின்னேரம் மூண்டு மணி எண்டா அவவுக்கு விடிய ஐஞ்சரை. ரெண்டு கிழமைக்கு வருவா, பிறகு வேலை தொடங்கிடும். என்ட அண்ணாவின்ட கிரிக்கெட் டீமுக்கு நடந்ததும் இதுதான்.

கிளெரிக் போனா காயத்தை ஆர் ஆத்துறது? டி.எம். மருந்துக் குப்பி தரலாம் எண்டு ஒருத்தன் சொன்னான். தரலாம், ஆனா அது கடையில வாங்கிற சாமான். இவ்வளவு நாளும் எங்களைத் தூக்கி விட்டது பக்கத்தில நிண்ட ஒரு ஆள்.

இந்த இடத்திலதான் ஒருத்தரும் வாசிக்காத ஒரு விதி இருக்கு. ரேஞ்சரில ஒரு லெவல் கூடேக்க, தெரிஞ்ச மந்திரத்தில ஒண்டை விட்டிட்டு வேற ஒண்டை எடுக்கலாம். ரோக்கில லெவல் எடுத்தா அந்த மாத்தம் கிடையாது. வெறும் லெவல் எண்டு சிரிச்ச ஆறில எனக்கு வேண்டினது அதுதான். வேகமா நடக்க வைக்கிற லோங்ஸ்ட்ரைடரைக் குடுத்திட்டு கியூர் வூன்ட்ஸ் எடுக்கிறன். ஒரு எட்டுப் பக்க டைஸும், என்ட ரேஞ்சரின்ட ஞானத்துக்கு ரெண்டும். கிளெரிக்கின்ட அளவுக்குக் கிட்டவும் வராது, தெரியும். ஆனா விழுந்து கிடக்கிறவனை எழுப்ப ஒரு புள்ளி காணும்.

நிலம்? கடற்கரை. விதியில கன வகை நிலம் இருக்கு, எங்கட ஐந்திணையை விடக் கூட. பனிநிலமும் வச்சிருக்கினம். எங்கட டி.எம். கீறின மேப்பில பாதி கடல், அதால நெய்தல்தான் பிரயோசனம். ஆனா தெரிவு செய்த நிலத்தில குழு வழி தவறவே தவறாது (மந்திரம் வச்சாலொழிய), அதால வழி தவறிற சுவாரசியமே போயிடும் எண்டு ஒரு குறை சொல்லுவினம். அது நியாயமான குறை. டி.எம்.மிட்ட முதலே கதைச்சு, கடலுக்குள்ள போனா மட்டும் என்னைக் குழப்பச் சொல்லியிருக்கிறன்.

லோங்ஸ்ட்ரைடரைப் பென்சிலாலதான் எழுதியிருந்தனான், அழிச்சாச்சு. இந்த ஞாயிறும் கிளெரிக் இருப்பா. எண்டாலும் முதல் காயத்துக்கு நான் கை வைக்கிறன் எண்டு அவவிட்ட சொல்லி வச்சிருக்கிறன். "பிழையா உருட்டினா நான் பார்க்கிறன்" எண்டு சொன்னா.